பூமேடையில் வரும் கருகல்: அறிந்து தடுப்போம், சேர்ந்து கேட்போம்

(தோட்டப் பாடசாலை மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை நடந்த பெண்கள், இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆறு நாள் மலையேறி இறங்கிவிட்டு, கிடைக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையிலும் உடுப்புத் துவைப்பதையும் விறகு பொறுக்குவதையும் ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருவோம். இன்று நாம் பேசப்போவது பூக்கன்றுகளைப் பற்றி. சங்கக் கூட்டத்தில் பூக்கன்றா என்று பின்வரிசையில் சிலர் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள். ஆனால் முடியும்வரை இருந்து கேளுங்கள். பேச்சு சம்பளத்தில்தான் போய் நிற்கும்.

ஏப்ரல் மாதம் வந்தால் நுவரெலியா முழுவதும் பூமேடையாகிவிடுகிறது. பூங்காவில் பூ, ஹோட்டல் வாசலில் பூ, பங்களாவைச் சுற்றிப் பூ. அந்தப் பூவெல்லாம் எங்கிருந்து வருகிறது? பூக்கன்றுத் தவறணைகளில் நாட்கூலிக்கு நிற்கும் நம் பெண்கள் கையிலிருந்து வருகிறது. லயத்துக்கு முன்னால் உள்ள துண்டு நிலத்தில், யோகட் கோப்பையிலும் பொலித்தீன் பையிலும் நாற்று வளர்த்து விற்கும் நம் குடும்பங்களிலிருந்து வருகிறது. பெட்டூனியா, மேரிகோல்ட், பிகோனியா, ஜெரேனியம், பென்சி, சீனியா என்று பெயர்கள் நம் பிள்ளைகளுக்கே இப்போது தண்ணீர்பட்ட பாடு. பள்ளிக்கூடச் சப்பாத்தும் அப்பியாசப் புத்தகமும் இந்தக் கைக்காசில்தான் வருகின்றன.

இந்தக் கைக்காசை ஒரே வாரத்தில் துடைத்துக்கொண்டு போகிற எதிரி ஒன்று உண்டு. விவசாயத் திணைக்களத்தின் துண்டுப்பிரசுரங்களில் அதை ‘வெளிறல் நோய்’ என்று போடுவார்கள். நம் பேச்சில் ‘கருகல்’ என்கிறோம். நேற்றுப் பச்சையாக நின்ற கன்று இன்று வெந்நீர் ஊற்றியதுபோலத் துவண்டு, நாளை கறுத்துப்போகும்.

கருகல் எப்படி வருகிறது

கண் பட்டதாலும் வராது, பனி விழுந்ததால் மட்டும் வந்துவிடாது. பெரும்பாலான கருகல் நோய்களுக்குக் காரணம் பங்கசு, அல்லது பங்கசைப் போலவே நடந்துகொள்ளும் நீர்ப்பூஞ்சணம். சிலவற்றுக்குப் பற்றீரியா. நெருப்பு எரிய விறகு, காற்று, பொறி மூன்றும் வேண்டும் அல்லவா? ஒன்றை எடுத்துவிட்டால் அடுப்பு அணைந்துபோகும். நோயும் அப்படித்தான். நோய்க் கிருமி வேண்டும், அது பிடிக்கக்கூடிய செடி வேண்டும், ஈரமான குளிர்ந்த காலநிலை வேண்டும். மூன்றும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் சேர்ந்தால்தான் கருகல்.

நம் மலைநாட்டில் மழையையும் மூடுபனியையும் நாம் தடுக்க முடியாது. ஆனால் கிருமி மேடைக்குள் வருவதைத் தடுக்கலாம். இலையில் ஈரம் எத்தனை மணித்தியாலம் தங்குகிறது என்பதைக் குறைக்கலாம். எந்தச் செடியின் பக்கத்தில் எந்தச் செடியை வைப்பது என்பதையும் நாமே தீர்மானிக்கலாம். இந்த மூன்றும் நம் கையில் இருக்கின்றன. அவற்றுக்குப் பெரிய செலவும் இல்லை.

இது நமக்குப் புதிய எதிரி அல்ல

தோழர்களே, நம் முன்னோர் இந்த மலைகளுக்கு வந்தது தேயிலைக்காக அல்ல, கோப்பிக்காக. 1869இல் கோப்பி இலைகளின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் தூள் காணப்பட்டது. கோப்பித் துரு நோய் அது. அதை ஆராய 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானி இங்கிலாந்திலிருந்து வந்தார். தூள்போன்ற வித்திகளைக் காற்று தூக்கிச் செல்கிறது, மலைக்கு மலை இடைவெளியில்லாமல் ஒரே பயிரை நட்டுவைத்திருப்பதால் நோய்க்கு வழி திறந்துகிடக்கிறது என்பதை அவருடைய ஆராய்ச்சி காட்டியது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி விழுந்தது. துரைமார் பலர் கடனாளியானார்கள். நம் முன்னோருக்கோ உழைத்த கூலியே பாக்கியாக நின்றது.

பிறகு தேயிலை வந்தது. 1946இல் தேயிலைக்கும் ஒரு கருகல் வந்து சேர்ந்தது. அதுதான் கொப்புள நோய். கொழுந்தெடுக்கும் அக்காமாருக்கு அதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. இளம் இலையில் முதலில் எண்ணெய் பட்டதுபோல வட்டமாக ஒரு புள்ளி. சில நாளில் மேற்பக்கம் குழிந்து, அடிப்பக்கம் கொப்புளமாகப் புடைத்து, வெள்ளை மாவு பூத்துவிடும். மூடுபனியும் தூறலும் நீடித்தால் பரவும், நல்ல வெயில் அடித்தால் அடங்கும். தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் இதைத்தான் கணக்கிட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு வாராவாரம் மருந்தடிப்பதைவிட, கடந்த சில நாட்களில் எத்தனை மணித்தியாலம் வெயில் இருந்தது என்று பார்த்து மருந்தடிக்கலாம் என்று காட்டினார்கள். இந்தப் பாடம் நம் பூமேடைக்கும் பொருந்தும்.

அயர்லாந்து என்று ஒரு நாடு. அங்கே ஏழைகளின் சாப்பாடு உருளைக்கிழங்கு ஒன்றுதான். 1845இல் அதில் பிந்திய வெளிறல் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பட்டினியாலும் காய்ச்சலாலும் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் இறந்தார்கள். இன்னும் பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். அந்த மக்கள் பட்டினி கிடந்த காலத்திலும் அந்த நாட்டுத் துறைமுகங்களிலிருந்து தானியமும் மாடும் ஏற்றுமதியாகிக்கொண்டுதான் இருந்தன. நோய் செடிக்கு வந்தாலும் அதன் சுமை யார் தலையில் இறங்குகிறது என்பதை மனிதர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு நம் மேடைக்குத் திரும்புவோம். அயர்லாந்தில் வந்த அதே கிருமிதான் இன்று நுவரெலியாவில் உருளைக்கிழங்கையும் தக்காளியையும் கருக்குகிறது. அதே கிருமி நம் பெட்டூனியாவையும் பிடிக்கும்.

பார்த்தவுடன் அடையாளம் காண்பது

வாசலில் நிற்கும் கன்றைப் பார்த்து எது என்ன நோய் என்று சொல்லத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஐந்து வகையைச் சொல்கிறோம்.

முதலாவது, நாற்று மடிதல். விதை முளைத்து இரண்டு இலை விட்டதும் தண்டு மண்மட்டத்தில் நூல்போல மெலிந்து, கன்று சாய்ந்துவிடும். தட்டின் ஒரு மூலையில் தொடங்கி வட்டமாகப் பரவும். அளவுக்கு மிஞ்சிய தண்ணீர், நெருக்கமான விதைப்பு, சென்ற முறை பாவித்த அழுக்கு மண் ஆகிய மூன்றும்தான் இதன் நண்பர்கள்.

இரண்டாவது, சாம்பல் பூஞ்சணம். வாடிய பூவில் சாம்பல் நிற மயிர்போல வளரும். தட்டினால் புகைபோலப் பறக்கும். அந்தப் பூ உதிர்ந்து எந்த இலையில் ஒட்டுகிறதோ அந்த இலையும் அழுகும். பெட்டூனியா, ஜெரேனியம், பிகோனியா மூன்றிலும் அதிகம். நம் ஊர்க் குளிரும் ஈரமும் அதற்கு மிகவும் பிடிக்கும்.

மூன்றாவது, இலைப்புள்ளிக் கருகல். மேரிகோல்டிலும் சீனியாவிலும் செம்பழுப்பு, கருஞ்சிவப்புப் புள்ளிகளாகத் தொடங்கி, புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து இலையே காய்ந்துவிடும். இது விதையோடும் வரும், காய்ந்த சருகிலும் தங்கியிருக்கும். நோய் பிடித்த பூவிலிருந்து அடுத்த வருடத்துக்கு விதை எடுத்தால் நோயையும் சேர்த்து எடுத்து வைக்கிறோம்.

நான்காவது, பிந்திய வெளிறல். இலையில் நீர் கோத்ததுபோலக் கரும்பச்சைத் திட்டு, பிறகு கறுப்பு. அதிகாலையில் இலையைத் திருப்பிப் பார்த்தால் திட்டின் ஓரத்தில் வெண்மையான பஞ்சு தெரியும். வெயில் ஏறியபின் பார்த்தால் அது மறைந்துவிடும். ஆகவே காலையில் பிரட்டுக்குப் போகுமுன் பார்க்க வேண்டும். எல்லாவற்றிலும் வேகமானது இதுதான். இரண்டு மூன்று நாளில் ஒரு மேடை போய்விடும்.

ஐந்தாவது, ஜெரேனியத்தில் வரும் பற்றீரியாக் கருகல். இலையில் சிறு புள்ளிகள், அல்லது விளிம்பிலிருந்து உள்நோக்கி ஆப்பு வடிவில் மஞ்சளாகிக் காய்தல், பிறகு கிளையே வாடுதல். இதற்கு மருந்து கிடையாது. ஜெரேனியத்தை நாம் பதியன் குச்சி வெட்டித்தான் பெருக்குகிறோம். ஒரு நோய்ச் செடியை வெட்டிய கத்தியால் நூறு குச்சி வெட்டினால் நூறுக்கும் நோய். கத்தியை அடிக்கடி ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும். ஒவ்வொரு தாய்ச்செடிக்கும் இது கட்டாயம்.

மருந்துக்கு முன் செய்ய வேண்டியவை

மண்ணிலிருந்து தொடங்குவோம். நாற்றுத் தட்டுக்குப் பழைய மண்ணை அப்படியே போடாதீர்கள். தாழ்நிலத்தில் என்றால் ஈரமான மண்ணைத் தெளிந்த பொலித்தீனால் மூடி நாலைந்து வாரம் கடும் வெயிலில் வைக்கலாம். நம் குளிருக்கு அது போதாது. ஆகவே நாற்றுமேடையின் மேல் காய்ந்த புல், சருகு, கிடைத்தால் உமி பரப்பி எரித்து, மண் ஆறியபின் விதைக்கலாம். சிறிய அளவு மண் என்றால் பழைய தகரத்தில் ஈரத்தோடு போட்டு மூடி, ஆவி வர அரைமணி நேரம் அடுப்பில் சூடாக்கி எடுக்கலாம். தட்டையும் கோப்பையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காயவைத்த பிறகே திரும்பப் பாவிக்க வேண்டும்.

விதையை நெருக்கித் தூவாதீர்கள். பத்துக் கன்று கூட வரும் என்ற ஆசையில் தூவினால் நூறு கன்று மடியும்.

தண்ணீரைக் காலையில் ஊற்றுங்கள். வேலை முடிந்து வந்து அந்தியில் ஊற்றினால் இலை இரவு முழுவதும் நனைந்தே கிடக்கும். காலையில் நேரமில்லை என்பது உண்மைதான். விடியற்காலை ரொட்டி சுட்டு, பிள்ளையைப் பராமரிப்பு நிலையத்தில் விட்டு, மலைக்கு ஓட வேண்டும். அப்படியானால் அந்தியில் ஊற்றுபவர்கள் பூவாளியால் மேலே தெளிக்காமல் கன்றின் அடியில் மட்டும் ஊற்றுங்கள். இலை நனையக்கூடாது என்பதுதான் முக்கியம்.

கோப்பைகளுக்கிடையில் காற்றுப் புக இடம் விடுங்கள். மழைக்குப் பொலித்தீன் கூரை போட்டால் பக்கங்களைத் திறந்து வையுங்கள். நாலு பக்கமும் மூடினால் உள்ளே ஈரம் தேங்கிச் சாம்பல் பூஞ்சணத்துக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்ததாகும்.

வாடிய பூவையும் பழுத்த இலையையும் இரண்டு நாளுக்கு ஒருமுறை கிள்ளி எடுங்கள். செடி காய்ந்திருக்கும்போது எடுக்க வேண்டும். பையில் போட்டுக்கொண்டு போய் மேடைக்குத் தூரத்தில் புதைத்துவிடுங்கள். பிள்ளைகள் இந்த வேலையை விருப்பத்தோடு செய்வார்கள், படிப்பு நேரம் போக மீதி நேரத்தில் என்றால் நமக்கும் ஆட்சேபணை இல்லை.

பெட்டூனியாவை உருளைக்கிழங்கு, தக்காளிப் பாத்திக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். கிழங்கு கிண்டியபின் மண்ணில் தப்பிக்கிடந்து தானாக முளைக்கும் செடிகளைப் பிடுங்கிவிடுங்கள். வீசி எறிந்த அழுகல் கிழங்குக் குவியல்தான் பிந்திய வெளிறலின் தங்குமடம்.

வெளியிலிருந்து வாங்கிய கன்றைப் பத்து நாளாவது தனியே வையுங்கள். வந்த அன்றே மேடையில் கலந்துவிடக்கூடாது.

மருந்தும் நம் உடம்பும்

மருந்து என்று நாம் பேச்சுக்குச் சொல்கிறோம். அது நஞ்சு. பங்கசுநாசினிகளில் பெரும்பாலானவை வந்த நோயைக் குணமாக்குவதில்லை, வராமல் தடுக்கத்தான் உதவுகின்றன. கறுத்துப்போன கன்றுக்கு மேல் மருந்தடிப்பது காசைக் கரைத்து ஊற்றுவதுதான். நோய் கண்ட கன்றைப் பிடுங்கி அகற்றிவிட்டு, பக்கத்திலுள்ள நல்ல கன்றைக் காப்பாற்ற அடிக்கலாம்.

வீட்டில் தயாரிக்கக்கூடிய பழைய மருந்து ஒன்று உண்டு. பிரான்சில் போர்டோ என்ற ஊரில், வழிப்போக்கர் பறிக்காமலிருக்கத் தெருவோரத் திராட்சைச் செடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து பூசினார்கள். பூசிய செடிகள் நோயில்லாமல் நிற்பதை மில்லார்டே என்ற பேராசிரியர் கவனித்து, 1885இல் உலகுக்கு அறிவித்தார். அதுதான் போர்டோ கலவை. இளம் பூக்கன்றுக்குப் பாதி வலுவில் செய்வோம். மயில்துத்தம் 50 கிராமை 5 லீற்றர் தண்ணீரில் கரையுங்கள். நீற்றிய சுண்ணாம்பு 50 கிராமை இன்னொரு பிளாஸ்டிக் வாளியில் 5 லீற்றர் தண்ணீரில் கரையுங்கள். மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக்குள் மெதுவாக ஊற்றிக் கிண்டுங்கள். துலக்கிய இரும்பு ஆணியைச் சற்று நேரம் அதில் பிடித்துப் பாருங்கள். செம்பு நிறம் ஏறினால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் கொஞ்சம் சேருங்கள். வடித்து அன்றைக்கே பாவித்துவிட வேண்டும். தகர வாளியில் கலக்கக்கூடாது. மூடுபனி நாளில் அடித்தால் இலை காயாமல் மருந்தே இலையைப் பொசுக்கும். முதலில் நாலு கன்றில் அடித்து, சில நாள் பார்த்துவிட்டு மற்றதற்கு அடியுங்கள். பூத்த கன்றில் அடித்தால் நீலக்கறை படியும், விலைபோகாது.

இதுவும் நஞ்சுதான். மிஞ்சியதைப் பீலியிலோ ஓடையிலோ ஊற்றாதீர்கள். செம்பு மீனைக் கொல்லும். கீழ் லயத்துப் பிள்ளைகள் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள்.

கடையில் வாங்கும் பங்கசுநாசினி என்றால் லேபல் ஒட்டிய, மூடி திறக்காத பொதியாக வாங்குங்கள். தாளில் சுற்றித் தருவதை வாங்காதீர்கள். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைநாசினிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. எது விற்கலாம், லேபலில் என்ன இருக்க வேண்டும் என்பதெல்லாம் அதன்படிதான். வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் வீட்டுப் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். நாம் படிக்க வைப்பது இதற்கும்தான்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறோம். குறைந்த நஞ்சு என்று பச்சைப் பட்டை போட்டிருப்பதால் பயமில்லை என்று எண்ணாதீர்கள். அந்தப் பட்டை உடனடியாக ஆளைச் சாய்க்கும் ஆபத்தைத்தான் காட்டுகிறது. வருடக்கணக்கில் தோலிலும் மூச்சிலும் ஏறுவதை அது சொல்லாது. நம் தோட்டங்களில் பல வருடம் அடித்த மாங்கோசெப் என்ற பங்கசுநாசினிக்கு, இனப்பெருக்கத்துக்கும் உடலின் ஹோர்மோன்களுக்கும் கேடு என்பதால், ஐரோப்பிய ஒன்றியம் 2020 டிசம்பரில் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்துவிட்டது. அவர்களுடைய உடம்புக்கு ஆகாதது நம்முடைய உடம்புக்கும் ஆகாது.

மருந்தடிக்கும் அண்ணாமாருக்கு: கையுறை, முகமூடி, சப்பாத்து, நீளக்கைச் சட்டை இல்லாமல் டாங்கியைத் தோளில் போடாதீர்கள். காற்றுக்கு எதிரே அடிக்காதீர்கள். அடைத்த குழாயை வாயால் ஊதாதீர்கள். வேலைக்கு நடுவில் வெற்றிலை போடாதீர்கள், பீடி பற்றவைக்காதீர்கள், கையிலுள்ளது நேரே வாய்க்குள் போகும். அந்த உடுப்பை வீட்டு உடுப்போடு சேர்த்துத் துவைக்கக் கொடுக்காதீர்கள். மயக்கம், வாந்தி, மூச்சுத்திணறல் என்றால் வேலையை நிறுத்தி, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் கேளுங்கள். போகும்போது மருந்துப் போத்தலின் லேபலையும் கொண்டுபோங்கள்.

இன்னொன்று, மெதுவாகத்தான் சொல்ல வேண்டும். எந்த நஞ்சையும் லயத்துக்குள் கண்ணுக்கெட்டும் இடத்தில் வைக்காதீர்கள், பூட்டி வையுங்கள். 1990களின் நடுவில் உலகிலேயே தற்கொலை வீதம் மிக உயர்ந்த நாடுகளில் நம் நாடும் ஒன்று. மிகக் கொடிய பீடைநாசினிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்த பிறகு அது பெருமளவு குறைந்தது. கோபமும் கண்ணீரும் வந்த அந்தப் பத்து நிமிடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாவிட்டால் ஓர் உயிர் தப்பும். ஒரு பூட்டின் விலை அவ்வளவு பெரிதல்ல.

நட்டம் யார் தலையில்?

சென்ற சீசனுக்கு முன் நம் பிரிவொன்றில் சில பெண்கள் சேர்ந்து ஒரு வியாபாரியிடம் கடனுக்குப் பெட்டூனியா நாற்று வாங்கினார்கள். வளர்த்துக் கொடுத்தால் அவரே திரும்ப எடுப்பதாகப் பேச்சு. நாலாம் நாள் கன்றுகள் கறுத்தன. வியாபாரி வந்து பார்த்துவிட்டு, “தண்ணி கூடிப்போச்சு, அது ஒங்க தப்பு, காசு வேணும்” என்றார். பெண்கள் தலைகுனிந்து நிற்கவில்லை. அவர்கள் சொந்தமாக விதைத்த பெட்டூனியாவும் அதே கூரையின் கீழ் மறுகோடியில் இருந்தது. அதே ஆட்கள், அதே தண்ணீர். அது நல்லபடி நின்றது. வியாபாரி கொண்டுவந்த தட்டுகள் மட்டும் எல்லாம் ஒரே நாளில் கறுத்திருந்தன. விவசாயப் போதனாசிரியரை அழைத்துக் காலையிலேயே இலையைத் திருப்பிக் காட்டினார்கள். நோய் கன்றோடு வந்தது என்று அவர் சொன்னார். கடைசியில் வியாபாரி பாதிக் கணக்கைத் தள்ளினார்.

முழுக் கணக்கும் தள்ளப்பட்டிருக்க வேண்டும் என்பதுதான் நியாயம். ஆனால் நோயை அடையாளம் காணத் தெரியாமல் இருந்திருந்தால் அந்தப் பாதியும் கிடைத்திருக்காது. இப்போது அந்தப் பெண்கள் கன்று வாங்கும்போது திகதி, எண்ணிக்கை, கன்றின் நிலை மூன்றையும் ஒரு துண்டில் எழுதி வியாபாரியிடம் கையொப்பம் வாங்குகிறார்கள். எல்லாப் பிரிவுகளிலும் இதைச் செய்வோம்.

இதே கேள்வியை மலைக்கும் கொண்டுபோவோம். கொப்புள நோய் வரும் மாதங்களில் கொழுந்து குறைகிறது. கொழுந்து குறைந்தால் நிறுவையில் கிலோ குறைகிறது. கிலோ குறைந்தால் அரைப்பேர். மூடுபனியை நாம் வரவழைக்கவில்லை. செம்பு மருந்தை நேரத்துக்கு அடிக்க வேண்டியது நிர்வாகம். 2021 மே மாதத்தில் பீடைநாசினி, இரசாயன உர இறக்குமதியை ஒரே இரவில் தடை செய்து, நவம்பரில் விலக்கியபோதும் நம்மைக் கேட்டா செய்தார்கள்? நோய் தேயிலைக்கு, அரைப்பேர் நமக்கா?

ஆகவே நாம் கேட்பவை இவை. கொப்புள நோய் பரவும் மாதங்களில் நாளுக்குரிய கிலோ அளவைக் குறைக்க வேண்டும், அதைக் காரணம் காட்டி அரைப்பேர் போடக்கூடாது. மருந்தடிப்பவர்களுக்குப் பாதுகாப்பு உடுப்பும் சவர்க்காரமும் கழுவும் இடமும் நிர்வாகச் செலவில் வேண்டும். கர்ப்பிணிகளையும் பாலூட்டும் தாய்மாரையும் மருந்து வேலைக்கோ மருந்தடித்த மலைக்கோ உடனே அனுப்பக்கூடாது. எந்த மலையில் என்றைக்கு என்ன அடித்தார்கள் என்பதைப் பிரட்டுக்களத்தில் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். பூக்கன்றுத் தவறணைகளில் நோயால் வந்த நட்டத்தை நாட்கூலியில் கழிக்கக்கூடாது. வேலையால் வந்த உடல்நலக் கேட்டுக்குத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கோரும் வழி இருக்கிறது. வைத்தியசாலைத் துண்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு தலைவரிடம் வாருங்கள்.

நிலம் பற்றியும் ஒரு சொல். மேடையில் மண்ணை மாற்று, ஒரே இடத்தில் ஒரே பூவை வருடாவருடம் நடாதே, தூரத்தில் புதை என்றெல்லாம் நாம் சொல்கிறோம். லயத்து வாசலில் ஆறடி இடம் வைத்திருப்பவர் எங்கே மாற்றுவார், எங்கே புதைப்பார்? நோயைத் தடுக்கவும் கொஞ்சம் நிலம் வேண்டியிருக்கிறது. வீட்டோடு சேர்ந்த காணியும் உறுதிப்பத்திரமும் வேண்டும் என்ற நம் நீண்டகாலக் கோரிக்கைக்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த வாரம் செய்வோம்

நாளை காலை பிரட்டுக்குப் போகுமுன் ஒவ்வொருவரும் தங்கள் மேடையில் பத்துக் கன்றின் இலைகளைத் திருப்பிப் பாருங்கள். சந்தேகமான இலை இருந்தால் பொலித்தீன் பையில் கட்டி, அடுத்தவர் மேடைக்குள் கொண்டுபோகாமல், நேரே பாடசாலைக்குக் கொண்டுவாருங்கள். நோயுள்ள கன்றை மறைத்து விற்காதீர்கள். இன்று பக்கத்து லயத்தில் விற்றது நாளை காற்றோடு நம் வாசலுக்குத் திரும்பி வரும். பிரிவுக்கு இரண்டு பெண்களும் ஓர் இளைஞரும் பெயர் கொடுங்கள். அவர்களுக்கு நேரில் காட்டிக்கொடுக்க விவசாயப் போதனாசிரியரை அடுத்த மாதக் கூட்டத்துக்கு அழைக்கிறோம். மருந்தடிக்கும் அண்ணாமார் தங்களிடம் எந்தப் பாதுகாப்புப் பொருள் இருக்கிறது, எது இல்லை என்பதை எழுதித் தாருங்கள். அந்தப் பட்டியலோடுதான் துரையைச் சந்திக்கப்போகிறோம்.

பெயர்ப் புத்தகம் வாசலருகே மேசையில் இருக்கிறது. போகும்போது எழுதிவிட்டுப் போங்கள்.